பேட்டரி படுத்துவிட்டதா? ஜம்ப் ஸ்டார்ட் செய்வதும், அது சொதப்பும் இடங்களும்

சாவியைத் திருப்புகிறீர்கள். டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம், டேஷ்போர்டு விளக்குகள் ஒரு முறை மினுக்கிவிட்டு மங்குகின்றன, இன்ஜின் அசையவே இல்லை. உடனே எல்லோரும் செய்வது மறுபடி திருப்பிப் பார்ப்பதுதான். அப்புறம் மறுபடியும். பேட்டரியில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச சார்ஜும் அதிலேயே தீர்ந்துவிடும், ஆகவே முதலில் அதை நிறுத்துங்கள்.

ஜம்ப் ஸ்டார்ட் என்பது இன்னொரு காரின் நல்ல பேட்டரியை, முனைகளில் கிளிப் உள்ள கேபிளால் உங்கள் காரோடு இணைத்துக் கிளப்புவது. அதை எப்படிச் செய்வது என்று யாரைக் கேட்டாலும் "சிவப்பை பிளஸ்ஸில் போடு, கறுப்பை மைனஸில் போடு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவார்கள். தப்பில்லை. ஆனால் அந்த வரிசை உங்கள் கையும் கண்ணும் வண்டியின் எலக்ட்ரானிக்ஸும் பத்திரமாக இருப்பதற்காகச் சொல்வது. வண்டி கிளம்புமா கிளம்பாதா என்பதை முடிவு செய்வது வேறு இரண்டு: கிளிப் உலோகத்தை எவ்வளவு நன்றாகக் கவ்வியிருக்கிறது, செல்ஃப் அடிப்பதற்கு முன்னால் நீங்கள் எவ்வளவு நேரம் பொறுத்தீர்கள். முதல் முறை செய்பவர்கள் நொந்துபோவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான், அதனால் இங்கேயும் அவற்றுக்குத்தான் அதிக இடம்.

பேட்டரிதான் காரணமா என்று பாருங்கள்

சத்தத்தை வைத்தே பாதி தெரிந்துவிடும். படபடவென்று வேகமாக டிக் டிக் என்று அடித்தால் பேட்டரியில் தெம்பு இல்லை. ஸ்டார்ட்டரில் உள்ள சொலினாய்டு (மோட்டாருக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்ச்) இழுக்கிறது, மோட்டார் கரன்ட் கேட்டதும் வோல்டேஜ் சரிகிறது, சொலினாய்டு விட்டுவிடுகிறது, வோல்டேஜ் கொஞ்சம் ஏறியதும் மறுபடி இழுக்கிறது. அந்த இழுபறிதான் காதில் விழுகிறது. ஒரே ஒரு கனத்த 'டக்' மட்டும் கேட்டு, ஹெட்லைட் மங்காமல் பளிச்சென்று எரிந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரிலோ அதற்குப் போகும் வயரிலோ கோளாறு இருக்கலாம். இன்ஜின் வழக்கமான வேகத்தில் நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள், அது தன் வேலையைச் செய்துவிட்டது. எரிபொருள், ஸ்பார்க், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினைக் கிளம்பவிடாத திருட்டுத் தடுப்பு) என்று வேறு பக்கம் தேட வேண்டும். அந்த நிலையில் இன்னொரு காரை வரவழைத்து கேபிள் மாட்டுவது இரண்டு பேருக்கும் வீண் அலைச்சல்.

சத்தமே இல்லை, ஒரு விளக்கும் எரியவில்லை என்றால் பானெட்டைத் திறந்து பேட்டரி டெர்மினல்களைக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். கையில் மோதிரமோ உலோக வாட்ச்சோ இருந்தால் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் பிளஸ்ஸுக்கும் வண்டி பாடிக்கும் நடுவில் ஒரு மோதிரம் மாட்டினால் அது நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். டெர்மினல் அசைந்தால் பல நேரம் அதுவேதான் பிரச்சினை. இறுக்கிவிட்டு ஒரு முறை முயன்று பாருங்கள், பெரும்பாலான கார்களில் 10 மி.மீ. ஸ்பேனர் போதும். டெர்மினலைச் சுற்றி வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பொடி பூத்திருந்தாலும் இதே கதைதான். பேட்டரியில் சார்ஜ் இருக்கும், அது வெளியே வர வழி இருக்காது. சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றித் தேய்த்தால் பொங்கிக்கொண்டு போய்விடும். கையில் எதுவும் இல்லாவிட்டால் கிளாம்ப்பை இரண்டு பக்கமும் திருகித் திருகி விட்டாலே ஓரளவு புது உலோகம் தெரியும்.

மல்டிமீட்டர் இருப்பவர்களுக்கு இதெல்லாம் சுலபம். இன்ஜின் ஓடாமல், வண்டி சில மணி நேரமாக நின்றுகொண்டிருக்கும்போது 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. 10.5 வோல்ட் அளவில் நின்றுகொண்டு சார்ஜ் போட்டாலும் ஏற மறுத்தால் உள்ளே இருக்கும் ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது என்று சந்தேகப்படலாம், ஒரு செல் 2.1 வோல்ட், அது போனால் மிச்சம் அவ்வளவுதான் வரும். அந்த பேட்டரியை எத்தனை முறை ஜம்ப் செய்தாலும் அடுத்த நாள் அதே நிலைமைதான்.

கை வைக்கவே கூடாத பேட்டரி

பக்கவாட்டில் உப்பியிருக்கிறது, விரிசல் விட்டிருக்கிறது, ஈரமாகக் கசிகிறது, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் கேபிளை எடுக்காதீர்கள், ஆளை வரவழைத்து பேட்டரியை மாற்றிவிடுங்கள். உள்ளே இருப்பது கந்தக அமிலம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியே வரும், காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அது தீப்பிடிக்கும்.

கடும் குளிரில் நின்ற வண்டி என்றால் இன்னொன்றும் உண்டு. நிறைந்த பேட்டரி எளிதில் உறையாது. காலியான பேட்டரிக்குள் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், அது பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரிக்கு முன்பே உறையத் தொடங்கலாம். உறைந்த பேட்டரிக்குள் கரன்ட் செலுத்தினால் வெடிக்கும் ஆபத்து இருக்கிறது. முதலில் அது உருக வேண்டும்.

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வெயில் கண்ணாடியானாலும் பரவாயில்லை. அமிலம் தெறித்துவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டு விடாமல் கழுவ வேண்டும், கண்ணில் பட்டால் கழுவிவிட்டு நேராக மருத்துவரிடம் போக வேண்டும். பேட்டரி பக்கத்தில் குனிந்துகொண்டு சிகரெட் பிடிப்பவரை எட்ட நிற்கச் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டாலும் சரி.

பேட்டரி எங்கே இருக்கிறது?

சிரிக்காதீர்கள், இதுவே பலருக்கு முதல் முட்டுக்கட்டை. ரிமோட் சாவி உள்ள காரில் பேட்டரி காலியானால் கதவே திறக்காது. அந்த ரிமோட்டுக்குள்ளேயே ஒரு சின்ன உலோகச் சாவி ஒளிந்திருக்கும், பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தி இழுத்தால் வரும். டிரைவர் கதவில் சாவித் துளை தெரியாவிட்டால் கைப்பிடியின் ஓரத்தில் ஒரு மூடி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

உள்ளே போய் பானெட்டைத் திறந்தால் அங்கே பேட்டரியே இருக்காது, சில கார்களில் டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ வைத்திருப்பார்கள். பேட்டரி டிக்கியில், டிக்கியோ மின்சாரத்தில்தான் திறக்கும் என்றால் அதை வடிவமைத்தவரை நாலு வார்த்தை திட்டத் தோன்றும். அப்படிப்பட்ட கார்களில் பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் ஜம்ப் ஸ்டார்ட்டுக்கென்றே தனியாக ஒரு பிளஸ் முனை, சிவப்பு மூடி போட்டு வைத்திருப்பார்கள். எர்த்துக்கும், அதாவது வண்டியின் உலோக உடம்பு வழியாக வரும் மைனஸ் இணைப்புக்கும், பக்கத்திலேயே ஒரு போல்ட் இருக்கும். காரோடு வந்த கையேட்டில் அந்தப் பக்கத்தை இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள், கையேட்டைத் தேட வேண்டிய நேரத்தில் வெளிச்சமும் இருக்காது, நிதானமும் இருக்காது.

இன்னொரு தொல்லை: எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக்கும் ஆட்டோமேட்டிக் கியரும். பேட்டரி போனால் ஹேண்ட்பிரேக் விடாது, கியர் பார்க்கை விட்டு நகராது. அதாவது வண்டியைத் தள்ளி வசதியான இடத்துக்குக் கொண்டுபோக முடியாது. உதவிக்கு வரும் கார்தான் உங்கள் பேட்டரிக்கு எட்டும்படி வந்து நிற்க வேண்டும், சுவரைப் பார்த்து மூக்கை வைத்து நிறுத்தியிருந்தால் நீளமான கேபிள் தேவைப்படும் என்பது அப்போதுதான் உறைக்கும்.

கேபிளில்தான் பாதி ஏமாற்றம்

மெல்லிய கேபிளால் ஏன் வேலை ஆகாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு சிறிய பெட்ரோல் இன்ஜினைச் சுற்றவே 150 ஆம்பியர் வரை இழுக்கும், டீசல் என்றால் அதைவிட அதிகம். 3 மீட்டர் நீளக் கேபிள் என்றால் கரன்ட் போக 3, வர 3, மொத்தம் 6 மீட்டர் செம்பு. உள்ளே இருக்கும் கம்பியின் குறுக்குப் பரப்பு 6 சதுர மி.மீ. மட்டும் இருந்தால் அந்த 6 மீட்டரிலேயே இரண்டரை வோல்ட் தின்றுபோகும். 12 சொச்சம் வோல்ட்டில் அது போய், கிளிப் முனைகளில் இன்னும் கொஞ்சம் போனால் ஸ்டார்ட்டருக்கு என்ன மிஞ்சும்? செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் 9.6-க்குக் கீழே இறங்கினாலே இன்ஜின் சோம்பலாகத்தான் சுற்றும். அதே கேபிள் 16 சதுர மி.மீ. என்றால் இழப்பு ஒரு வோல்ட் சுற்றுவட்டத்தில் நின்றுவிடும், 25 என்றால் இன்னும் குறையும். ஆகவே சின்ன பெட்ரோல் காருக்குக் குறைந்தது 16, டீசலுக்கும் பெரிய இன்ஜினுக்கும் 25 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் பார்க்கும்போது கேபிள் தடிமனாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மேலே ரப்பர் மட்டும் தடியாக இருக்கும், உள்ளே கம்பி நூல் மாதிரி இருக்கும். செம்பு பூசிய அலுமினியத்தைப் போட்டு செம்பு நிறத்தில் காட்டுவதும் உண்டு, அது செம்பு அளவுக்குக் கரன்ட் கடத்தாது. கிளிப்பைத் திறந்து பாருங்கள்: கேபிள் ஒரு தாடையோடு மட்டும் இணைக்கப்பட்டிருக்கிறதா, இரண்டோடும் இணைக்கப்பட்டிருக்கிறதா? விலை மலிந்த கேபிள்களில் ஒரு பக்கம் சும்மா பிடிப்புக்குத்தான், கரன்ட் போவது மறு பக்கத்தில் மட்டும். அந்த மறு பக்கம் டெர்மினலில் சரியாகப் படாமல் பிளாஸ்டிக்கில் உட்கார்ந்திருந்தால் நீங்கள் நாள் முழுக்க நின்றாலும் ஒன்றும் நடக்காது. கேபிள் ஏற்கெனவே வீட்டில் கிடக்கிறது, இப்படிப்பட்டதுதான் என்றால், கரன்ட் போகும் தாடை எது என்று பார்த்து அந்தப் பக்கம் டெர்மினலின் ஈயத்தைத் தொடும்படி மாட்டுங்கள்.

உதவிக்கு வரும் கார்

அதுவும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். லாரி, பேருந்து போன்ற பெரிய வண்டிகளில் பலவும் 24 வோல்ட், அவசரத்தில் நல்ல மனசோடு வந்து நிற்கும் லாரிக்காரரிடம் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். பேட்டரி அளவு உங்கள் காரோடதைவிட ரொம்பச் சின்னதாக இல்லாமல் இருந்தால் நல்லது. ஹைப்ரிட், எலக்ட்ரிக் கார்களிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு, அது படுத்துவிட்டால் இன்னொரு காரிலிருந்து எழுப்புவதற்குப் பல கையேடுகள் வழி சொல்கின்றன. ஆனால் அந்த கார்களை வைத்து இன்னொரு காரைக் கிளப்புவது வேறு விஷயம். அதில் ஸ்டார்ட்டர் கேட்கும் அளவு கரன்ட் கொடுக்கும் ஏற்பாடு இருக்காது, பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கூடாது என்றே சொல்கிறார்கள்.

இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இரண்டிலும் ஹேண்ட்பிரேக், கியர் நியூட்ரலிலோ பார்க்கிலோ, இன்ஜின் ஆஃப். உங்கள் காரில் ஹெட்லைட், ஏசி, பாட்டு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

மாட்டும் வரிசை

பிளஸ் எது மைனஸ் எது என்பதை நிறத்தை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். வயரின் நிறம் மங்கியிருக்கும், யாரோ முன்னால் மாற்றிப்போட்டிருப்பார்கள், இருட்டில் பழுப்பும் சிவப்பும் ஒன்றாகத் தெரியும். பேட்டரி மேலேயே + என்றும் − என்றும் அச்சாகியிருக்கும், அழுக்கைத் துடைத்துவிட்டு அதைப் பாருங்கள். மாற்றிப்போட்டால் மெயின் ஃபியூஸ் போவது உங்கள் அதிர்ஷ்டம், ஆல்டர்னேட்டரின் (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஜெனரேட்டர்) டையோடும் இன்ஜின் கம்ப்யூட்டரும் போனால் பேட்டரி விலையைப் போல பல மடங்கு செலவு வைக்கும். அதுவும் இரண்டு காரிலும்.

முதல் சிவப்பு கிளிப், படுத்துக்கிடக்கும் பேட்டரியின் பிளஸ்ஸில். இரண்டாவது சிவப்பு, நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். மூன்றாவதாகக் கறுப்பு, நல்ல பேட்டரியின் மைனஸில். கடைசிக் கறுப்பு, உங்கள் காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு கனத்த உலோகப் பகுதியில், பேட்டரியை விட்டுத் தள்ளி. நல்ல காரிலும் எர்த் முனை தனியாகக் கொடுத்திருந்தால் மைனஸ் டெர்மினலுக்குப் பதில் அதையே பயன்படுத்துங்கள், மைனஸ் டெர்மினலில் சென்ஸார் வைத்திருக்கும் கார்கள் இப்போது நிறைய.

ஏன் கடைசி கிளிப் பேட்டரியில் வேண்டாம்? சுற்று முழுமை அடைவது அந்தக் கடைசித் தொடுதலில்தான், பொறி பறப்பதும் அப்போதுதான். அந்தப் பொறி ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் பறக்க வேண்டாம் என்பதுதான் காரணம். சின்னதாக ஒரு 'சுர்' வந்தால் பயந்து கேபிளைக் கீழே போட்டுவிடாதீர்கள், அது இயல்புதான். பெரிதாகச் சீறினால், கேபிள் சூடானால், உடனே எடுத்துவிட்டு வரிசையை மறுபடி பாருங்கள். ஒரு முனை மாட்டியிருக்கும்போது மறு முனைகள் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு, கூட ஒருவர் இருந்தால் அவர் கையில் ஒரு முனையைக் கொடுத்துவிடுங்கள்.

சொல்வதற்கு எளிது, அந்தக் 'கனத்த உலோகப் பகுதி' இருக்கிறதே, இன்றைய கார்களில் அதைத் தேடுவதுதான் உண்மையான சோதனை. பானெட்டைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பிளாஸ்டிக் மூடி. மேல்மூடியைக் கழற்றினாலும் அடியில் இருப்பதில் பாதி பெயின்ட் அடித்தது. இன்ஜினைத் தூக்குவதற்கென்று ஓரத்தில் ஒரு உலோக வளையம் இருக்கும், அது அருமையான இடம். ஆல்டர்னேட்டரைப் பிடித்திருக்கும் கனத்த பிராக்கெட், இன்ஜின் பிளாக்கில் தலை நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய போல்ட் இவையும் சரி. பானெட்டைத் தாங்கும் கம்பி, மெல்லிய தகடு, எரிபொருள் குழாய், பிரேக் குழாய், சுற்றப்போகும் பெல்ட்டுக்குப் பக்கம் இங்கெல்லாம் வேண்டாம். கிளிப்பை மாட்டியதும் அப்படியே விட்டுவிடாமல் கையால் பிடித்து இப்படியும் அப்படியும் நாலைந்து முறை ஆட்டுங்கள். கிளிப்பின் பற்கள் துருவையும் அழுக்கையும் கீறிக்கொண்டு உள்ளே இறங்க வேண்டும், கீறிய இடத்தில் பளபளவென்று கோடு தெரிய வேண்டும். நான்கு முனையிலும் இதைச் செய்யுங்கள். கிளம்பாத வண்டிகளில் பாதிக்கு வைத்தியம் இந்த ஆட்டல்தான் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது பொறுமை

நல்ல காரை ஸ்டார்ட் செய்து ஓடவிடுங்கள். உடனே உங்கள் சாவியைத் திருப்பத் தோன்றும், வேண்டாம். ஐந்து நிமிடம், பேட்டரி அடியோடு காலி என்றால் பத்து நிமிடம். நல்ல காரில் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து 1,500 முதல் 2,000 ஆர்பிஎம்மில் வைத்துக்கொண்டால் அதன் ஆல்டர்னேட்டர் கூடுதலாகக் கொடுக்கும்.

இந்தக் காத்திருப்பு வெட்டி இல்லை. 150 ஆம்பியரில் மூன்று நொடி செல்ஃப் அடிக்க மொத்தமாகத் தேவைப்படும் சார்ஜ் ஒரு ஆம்பியர் மணியில் (ஒரு ஆம்பியர் கரன்ட் ஒரு மணி நேரம் ஓடும் அளவு) எட்டில் ஒரு பங்குதான். அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் பேட்டரிக்குள் அதைவிடப் பல மடங்கு ஏறியிருக்கும். அப்புறம் செல்ஃப் அடிக்கும்போது மொத்த பாரத்தையும் கேபிளே சுமக்க வேண்டியதில்லை, உங்கள் பேட்டரியும் தோள் கொடுக்கும். கேபிள் சுமாரானது என்றால் இன்னும் அதிக நேரம் காத்திருங்கள், சுமாரான கேபிளை வைத்துச் சமாளிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

இனி செல்ஃப் அடியுங்கள். ஐந்து நொடிக்கு மேல் வேண்டாம். கிளம்பவில்லை என்றால் ஒரு நிமிடம் விட்டு அடுத்த முயற்சி, ஸ்டார்ட்டர் மோட்டார் தொடர்ந்து சுற்றினால் சூடேறிக் கருகிப்போகும். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் நல்ல காரின் இன்ஜினை நிறுத்தச் சொல்லும் தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள், ஓடவிடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு காரின் கையேடும் என்ன சொல்கிறதோ அதன்படி நடங்கள்.

எல்லாம் செய்தும் கிளம்பவில்லை

டேஷ்போர்டு பளிச்சென்று எரிகிறது, ஆனால் செல்ஃப் அடித்ததும் முன்போலவே டிக் டிக். இதுதான் மக்கள் கேபிளைத் தூக்கி எறியும் கட்டம். டேஷ்போர்டுக்குச் சில ஆம்பியர் போதும், எவ்வளவு மோசமான இணைப்பிலும் அது எரியும். ஸ்டார்ட்டருக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். ஆக, விளக்கு எரிவதை வைத்து இணைப்பு சரி என்று நினைக்காதீர்கள். கிளிப்புகளைத் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அங்கேதான் பிடிப்பு இல்லை. மறுபடி ஆட்டிப் பொருத்துங்கள், எர்த் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

அதற்கும் அசையவில்லை, பத்து நிமிடம் சார்ஜ் ஏற்றியும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் பேட்டரிக்குள் ஷார்ட் ஆகியிருக்கலாம், அது வருகிற கரன்ட்டையெல்லாம் தானே விழுங்கிவிடும். இன்னும் நாலைந்து முறை முயன்று உதவிக்கு வந்தவரின் பேட்டரியையும் காலி செய்வதற்கு முன்னால் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஒரு சாவி படம் டேஷ்போர்டில் சிமிட்டிக்கொண்டே இருந்தால் அது இம்மொபிலைசர் சமாசாரம், சாவியின் உள் பேட்டரி தீர்ந்திருந்தாலும் வரும். ரிமோட்டை ஸ்டார்ட் பொத்தானில் ஒட்டி வைத்து அழுத்திப் பாருங்கள், பல கார்களில் எடுபடும்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமே என்பார்கள். கியரைக் கையால் மாற்றும் கார் என்றால் இரண்டாவது கியரில் போட்டு, கிளட்ச்சை மிதித்துக்கொண்டு, வேகம் எடுத்ததும் சட்டென்று விடலாம். ஆட்டோமேட்டிக்கில் நடக்காது. இன்ஜின் ஓடும்வரை பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாக இருக்கும் என்பதால் சரிவில், போக்குவரத்துக்கு நடுவில் இதைச் செய்யாதீர்கள். 1912-இல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் வரும்வரை, முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்றித்தான் காரைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள், அது எதிர்த்து அடித்துக் கை முறிந்தவர்கள் உண்டு. அதோடு ஒப்பிட்டால் நம் எரிச்சல் ஒன்றுமில்லை.

இன்னொரு கார் கிடைக்காதவர்களுக்கு

கையடக்கமான லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர்கள் இப்போது பரவலாக வந்துவிட்டன, தனியாக ஓட்டுபவர்களுக்குக் கேபிளைவிட இதுவே நல்லது என்பேன். சிவப்பு பிளஸ்ஸில், கறுப்பு எர்த்தில், அவ்வளவுதான். ஆனால் சிக்கல் ஒன்று உண்டு. உங்கள் பேட்டரி அடியோடு காலியாக இருந்தால் அந்தக் கருவி அங்கே ஒரு பேட்டரி இருப்பதையே உணராமல் கரன்ட் கொடுக்க மறுக்கும். அதற்காகவே 'பூஸ்ட்' என்று ஒரு பொத்தான் வைத்திருப்பார்கள். அதை அழுத்தினால் பொறி தடுப்பு, தலைகீழ் இணைப்புத் தடுப்பு இரண்டும் பல கருவிகளில் விலகிவிடும், பிளஸ் மைனஸை இன்னொரு முறை சரிபார்த்துவிட்டுத்தான் அதில் விரல் வைக்க வேண்டும். இந்தக் கருவியும் ஒரு பேட்டரிதான், மறந்துபோய் வருடக்கணக்கில் காருக்குள் போட்டுவைத்தால் தேவைப்படும் நாளில் இதுவும் காலியாக இருக்கும். சில மாதத்துக்கு ஒரு முறை சார்ஜ் செய்யுங்கள், வெயிலில் கொதிக்கும் காருக்குள் வைக்காதீர்கள்.

கிளம்பிவிட்டது, இனி?

அணைத்துவிடாதீர்கள். இரண்டு கார்களையும் ஓரிரு நிமிடம் அப்படியே ஓடவிட்டு, உங்கள் காரில் காற்றாடியையும் பின்கண்ணாடி ஹீட்டரையும் போட்டுக்கொண்டு கேபிளைக் கழற்றுங்கள், கழற்றும்போது வரும் திடீர் வோல்டேஜ் ஏற்றத்தை அவை வாங்கிக்கொள்ளும். வரிசை அப்படியே தலைகீழ்: எர்த்தில் இருக்கும் கறுப்பு, நல்ல பேட்டரியின் கறுப்பு, நல்ல பேட்டரியின் சிவப்பு, கடைசியாக உங்கள் சிவப்பு. பெல்ட்டும் ஃபேனும் சுற்றிக்கொண்டிருக்கும், கேபிளையும் சட்டைக் கையையும் தள்ளி வையுங்கள்.

ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள், இன்றைய காரின் எலக்ட்ரானிக்ஸ் அதைத் தாங்காது. மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்துப் பாருங்கள், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் பெரும்பாலும் பயமில்லை. 12 சொச்சத்திலேயே நின்று, டேஷ்போர்டில் பேட்டரி விளக்கும் எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை, வழியில் எங்கேயோ நின்றுவிடும். நேராக மெக்கானிக்கிடம் போங்கள்.

அரை மணி நேரம் ஓட்டினால் நிறைந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பேட்டரி 20 ஆம்பியர் வாங்கிக்கொள்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் அரை மணியில் ஏறுவது 10 ஆம்பியர் மணிதான், 45 ஆம்பியர் மணி பேட்டரியில் அது கால் பங்குகூட இல்லை. மறு நாள் கிளம்ப அது போதும், ஆனால் பாதி காலியாகவே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து அதன் ஆயுள் குறைந்துகொண்டே போகும். முடிந்தால் ஒரு சாதாரண சார்ஜரில் ஓர் இரவு முழுக்கப் போடுங்கள்.

அப்புறம், ஏன் காலியானது என்று கண்டுபிடியுங்கள். டிக்கி விளக்கு அணையவில்லை, கதவு சரியாக மூடவில்லை என்றால் விஷயம் முடிந்தது. வெளிப்படையாக ஒன்றும் தெரியாவிட்டால் நிறுத்திய காரில் எவ்வளவு கரன்ட் கசிகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு. அந்த அளவிலேயே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி போகும், மூன்று வாரம் ஓட்டாமல் நிறுத்தினால் சின்ன பேட்டரியில் பாதி காலி. நேராக வயர் இழுத்து மாட்டிய டேஷ்கேம் இருந்தால் அவ்வளவு நாள்கூடத் தாங்காது.

பேட்டரியின் மேல் தயாரித்த மாதமும் வருடமும் ஏதாவது ஒரு வடிவில் இருக்கும். மூன்றிலிருந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது, காரணம் எதுவும் அகப்படாமல் மறுபடி படுக்கிறது என்றால் மாற்றிவிடுங்கள். சிக்னலில் தானாக நின்று தானாகக் கிளம்பும் கார் என்றால் அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும் ஈஎஃப்பி (EFB) அல்லது ஏஜிஎம் (AGM) வகை பேட்டரிதான் போட வேண்டும், சாதாரணத்தைப் போட்டால் சீக்கிரமே போய்விடும். சில கார்களில் புது பேட்டரி போட்டதை கம்ப்யூட்டரில் பதிவு செய்யவும் வேண்டும், கடையில் அதைச் செய்து தருவார்களா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.